புகை மருந்து அடித்தும் கொசு குறையாதது ஏன்?

கேள்வி: புகை மருந்து அடித்த சில நாள்களிலேயே கொசுக்கள் மீண்டும் பெருகிவிடுகின்றனவே, இதற்குத் தீர்வு என்ன?

பதில்: புகை மருந்து அந்நேரத்தில் பறக்கும் கொசுக்களை மட்டுமே கொல்லும், நீரில் வளரும் புழுக்களை அது தொடுவதில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தொட்டியின் உட்சுவரில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையிடுகிறது. கரும்புள்ளிகளாக ஒட்டியிருக்கும் அம்முட்டைகள் பல மாதங்கள் காய்ந்து கிடந்தாலும், தண்ணீர் பட்டதும் பொரித்துவிடும். ஆகவே தொட்டியைக் காலி செய்தால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை உட்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவி, இடைவெளியின்றி மூடிவைக்க வேண்டும்.

ஒரே பூச்சிக்கொல்லியைத் தொடர்ந்து பயன்படுத்தினால் கொசுக்கள் எதிர்ப்புத்திறன் பெற்றுவிடும் என்பதால், எந்த இனம் எங்கே பெருகுகிறது, எந்த மருந்துக்கு இன்னும் கட்டுப்படுகிறது என்பதைக் கண்காணித்த பிறகே மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரவில் கடிக்கும் மலேரியா கொசுவுக்கு மருந்தூட்டிய வலை நன்கு பயன்படும். பகலில் கடிக்கும் ஏடிசுக்கு அது மட்டும் போதாது.

சுகாதாரத் துறை தனித்து நின்று இதைச் சாதிக்க இயலாது என்பதே என் உறுதியான கருத்து. குடிநீர் வழங்கல் சீராக இல்லாத இடத்தில் மக்கள் நீரைச் சேமித்துவைக்கத்தான் செய்வார்கள். அவர்களைக் குறை கூறுவது நியாயமன்று. குடிநீர், வடிகால், குப்பை அகற்றல் ஆகிய துறைகளும் மக்களும் இணைந்து செயல்பட வேண்டும் என்பதையே உலக சுகாதார நிறுவனத்தின் 2017–2030 செயல்திட்டமும் வலியுறுத்துகிறது.