‘வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க’ என்று சொன்ன பிறகு: குழந்தைகளுக்கான பாலியேட்டிவ் கேர், கேள்வி பதில்

குழந்தைகள் வார்டில் எட்டு வருஷம், அதன்பிறகு வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் பாலியேட்டிவ் கேர் நர்ஸாகப் பதினாலு வருஷம் ஆகிறது. பாலியேட்டிவ் கேர் என்றால் கடுமையான நோய் உள்ளவரின் வலியையும் மற்றக் கஷ்டங்களையும் குறைத்து, குடும்பத்துக்கும் துணையாக இருக்கும் கவனிப்பு. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஊரை மட்டும் போட்டிருக்கிறேன், பெயர் வேண்டாம். மருந்தின் அளவு கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். குழந்தைக்கு அது எடை பார்த்து, ஆளைப் பார்த்து எழுதுவது. இங்கே எழுத மாட்டேன்.

கரூர், ஒரு அப்பா: பையனுக்கு ஏழு வயசு. லுக்கேமியா (ரத்தப் புற்றுநோய்) ரெண்டாவது தடவை திரும்பி வந்திருக்கு. பெரிய டாக்டர் ‘பாலியேட்டிவ் டீமையும் ஒரு தடவை பாத்துடுங்க’ன்னு எழுதிக் குடுத்தார். கையக் கழுவிட்டாங்கன்னு அர்த்தமா சிஸ்டர்?

இல்லைங்க. அப்படி எழுதிக்கொடுத்தவர் நல்ல டாக்டர். கையைக் கழுவுகிறவர் சொல்வது வேறு: “இனிமே பண்றதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.” இந்த வாக்கியத்தோடு வீடு வந்து சேர்ந்த பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். பையில் பழைய ரிப்போர்ட் இருக்கும், வலிக்கு ஒரு மாத்திரை இருக்காது.

உலக சுகாதார நிறுவனம் 1998-லேயே சொல்லிவிட்டது: குழந்தைக்கு நோய் என்று தெரிந்த அன்றே இந்தக் கவனிப்பு தொடங்க வேண்டும், நோய்க்கான சிகிச்சை நடந்தாலும் சரி, நடக்காவிட்டாலும் சரி. கீமோ ஒரு பக்கம் ஓடட்டும். வாய்ப்புண், வாந்தி, ராத்திரித் தூக்கம், பள்ளிக்கூடம், உங்கள் வேலை, வீட்டில் இருக்கும் இன்னொரு பிள்ளை, இதையெல்லாம் இந்த டீம் பார்க்கும்.

இன்னொன்று. பெரியவர்களில் பாலியேட்டிவ் என்றாலே புற்றுநோய்தான் ஞாபகம் வரும். குழந்தைகளில் அப்படி இல்லை. டுஷேன் தசைச்சிதைவு, எஸ்எம்ஏ (நரம்பு பாதித்துத் தசை தளர்ந்துபோகும் பிறவி நோய்), மூளைவாதம் (செரிப்ரல் பால்சி), பிறவியிலேயே வரும் வளர்சிதைமாற்ற நோய்கள் எல்லாம் இதில் அடக்கம். சில பிள்ளைகளை வருஷக்கணக்காகப் பார்க்கிறேன். டுஷேன் உள்ள ஒரு பையன், நான் முதலில் போனபோது மூன்றாம் வகுப்பு, இப்போது பாலிடெக்னிக். நான் போனால் செல்போனை விட்டுத் தலை நிமிர மாட்டான்.

திருநெல்வேலி, ஒரு அம்மா: பாப்பாவுக்கு எலும்புல கட்டி. மார்ஃபின் மாத்திரை குடுத்திருக்காங்க. அது போதை மருந்துன்னு எங்க மாமியார் தொடவே விட மாட்டேங்கிறாங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு.

அதிகம் பேர் கேட்டது இதைத்தான்.

முதலில் ஒரு வீட்டைச் சொல்கிறேன். பத்து வயதுப் பெண். மாத்திரை அட்டையை அம்மா அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருந்தார், யாரும் எடுத்துவிடக்கூடாது என்று. பிள்ளை தாங்க முடியாமல் அழும்போது மட்டும் கையை விட்டுத் துழாவி ஒன்று எடுத்துக் கொடுப்பார். மாவு படிந்த அந்த அட்டையை வாங்கி எண்ணிப் பார்த்தேன். நாலு நாளில் போயிருக்க வேண்டியது, பதினொரு நாளாகியும் பாதி மிச்சம். அந்தப் பதினொரு நாளும் பிள்ளை பெரும்பாலும் வலியில்தான் இருந்திருக்கிறது.

சாதாரண மார்ஃபின் மாத்திரை நாலு மணி நேரம் வேலை செய்யும். அதனால்தான் நாலு மணிக்கொரு தடவை என்று எழுதுகிறோம். வலி வந்த பிறகு துரத்துவதைவிட வராமல் தடுப்பது சுலபம், அதற்குக் குறைந்த மருந்தே போதும். அந்த அம்மாவிடம் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் ஆறு மணி, பத்து மணி, ரெண்டு மணி என்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டச் சொன்னேன். மூன்றாம் நாள் போனபோது பிள்ளை உட்கார்ந்து கையில் மருதாணி வைத்துக்கொண்டிருந்தது.

அடிமையாகிவிடுமா? வலிக்காகச் சரியான அளவில், கண்காணிப்போடு கொடுக்கும்போது அந்தக் கவலை மிகச் சிறியது. உடம்பு மருந்துக்குப் பழகும், அதனால் திடீரென்று நிறுத்தக்கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும். அது வேறு, போதைக்கு அலைவது வேறு. மூச்சு நின்றுவிடுமா? சின்ன அளவில் தொடங்கிப் பார்த்துப் பார்த்து ஏற்றினால் அப்படி ஆவது மிக அரிது. எழுப்பினாலும் எழாத தூக்கம், மூச்சு ரொம்பக் குறைவது, இந்த இரண்டையும் பார்த்தால் அடுத்த வேளை கொடுக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். முதல் ரெண்டு மூன்று நாள் தூங்கி வழிவது பல சமயம் பல ராத்திரித் தூக்கத்தின் பாக்கி. மலச்சிக்கல் மட்டும் அநேகமாக நிச்சயம் வரும். மலமிளக்கியை முதல் நாளே சேர்த்துத் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை மட்டும் பொடிக்காதீர்கள்.

“முதல்ல கோடீன் குடுத்துப் பாக்கலாமே” என்று சிலர் கேட்டிருந்தார்கள். மார்ஃபினைவிட லேசான வலி மருந்து அது. லேசான வலி மருந்திலிருந்து கடுமையானதற்கு ஏறும், பெரியவர்களுக்குச் சொல்லப்பட்ட மூன்று படி ஏணியை 2012-இல் உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கு இரண்டு படியாக்கியது. நடுவிலிருந்த கோடீன் போய்விட்டது. சில பிள்ளைகளின் உடம்பில் அது வேலையே செய்யாது, சிலர் உடம்பில் அளவுக்கு மீறி வேலை செய்யும். பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் போதவில்லை என்றால் அடுத்தது மார்ஃபின்தான்.

மெடிக்கல் கடைக்காரர் மார்ஃபின் இல்லையென்று சொல்வதற்கும் ஒரு கதை உண்டு. அபின் சட்டபூர்வமாகப் பயிராகும் நாடு இது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் வயலே இருக்கிறது. ஆனால் 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தால் ஓர் ஆஸ்பத்திரி மார்ஃபின் வைக்க நாலைந்து லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது. 2014-இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் ஒரே அனுமதியில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆக்கினார்கள். திருவனந்தபுரம் பாலியேட்டிவ் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வருஷக்கணக்காக மன்றாடிக் கிடைத்தது அது. அதனால் தெருமுனை மெடிக்கலில் தேட வேண்டாம், பாலியேட்டிவ் பிரிவு உள்ள ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.

மாமியாரை அடுத்த தடவை கூட்டிக்கொண்டு வாருங்கள். அவரிடம் நேரில் பேசினால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஈரோடு: எங்க பையனுக்கு மூளைவாதம், பேச்சு கிடையாது. வலிக்குதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும், எங்களைவிட உங்களுக்குத்தான் அது வரும். முகம், கால், உடம்பின் அசைவு, அழுகை, தூக்கினால் அடங்குகிறானா, இந்த ஐந்துக்கும் மதிப்பெண் போடும் அட்டவணை ஒன்று உண்டு. ஆனால் சும்மா இருக்கும்போதே கால் விறைப்பாக இருக்கும் பிள்ளைக்கு அது அப்படியே பொருந்தாது. அவன் நன்றாக இருக்கும் நாளில் எப்படி இருப்பான் என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள், செல்போனில் ஒரு வீடியோவும் எடுங்கள். டாக்டரிடம் அதைக் காட்டி “இப்ப இப்படி இல்ல” என்று சொன்னாலே போதும். பல்வலி, மலச்சிக்கல், இடுப்பு மூட்டு விலகல், நெஞ்செரிச்சல், இந்த நாலையும் பார்க்கச் சொல்லுங்கள். “இந்த மாதிரிப் பிள்ளைங்க அப்படித்தான் அழும்” என்று யாராவது சொன்னால் எழுந்து வேறு டாக்டரிடம் போங்கள்.

யாழ்ப்பாணம், ஒரு தாய்: மகளுக்குப் பன்ரண்டு வயசு. மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில காட்டி, இப்ப வீட்டில வச்சுப் பாக்கிறம். ‘அம்மா, நான் செத்துப் போயிடுவனோ’ எண்டு கேக்கிறாள். நான் ஓமெண்டு சொல்லுறதோ, இல்லையெண்டு சொல்லுறதோ மிஸ்?

ஓம், இல்லை இரண்டும் வேண்டாம் அம்மா. முதலில் அவளிடமே கேளுங்கள்: “ஏன் பிள்ளை அப்பிடிக் கேக்கிறாய்?” சில பிள்ளைகள் சாவைக் கேட்பதில்லை. வலிக்குமா, தனியாக இருப்பேனா, நீ அழுவாயா என்பதைத்தான் அந்தக் கேள்விக்குள் வைத்துக் கேட்கிறார்கள்.

அவளுக்குத் தெரியாது என்று மட்டும் நினைக்காதீர்கள். மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற மானுடவியலாளர் 1970-களில் அமெரிக்காவில் லுக்கேமியா வார்டில் பிள்ளைகளோடு பழகிப் பார்த்தார். யாருமே சொல்லாமல் சின்னப் பிள்ளைகள்கூடத் தெரிந்துவைத்திருந்தார்கள். பெற்றோர் தாங்க மாட்டார்கள் என்று தெரியாததுபோல இருந்தார்கள். நானும் பார்த்திருக்கிறேன். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி தன் பென்சில் பாக்ஸைத் தங்கைக்குக் கொடுத்து, “ஷார்ப்னர் மட்டும் கொஞ்சம் லூசு, பாத்துத் திருகு” என்றாள். சமையற்கட்டில் அவள் அம்மா என்னிடம், “அவளுக்கு ஒண்ணும் தெரியாது சிஸ்டர், சொல்லிடாதீங்க” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

சுவீடனில் புற்றுநோயில் பிள்ளையை இழந்த பெற்றோரிடம் கேட்டு 2004-இல் ஓர் ஆய்வு வந்தது. பிள்ளையோடு சாவைப் பற்றிப் பேசியவர்கள் 147 பேர். அதில் ஒருவர்கூடப் பேசியதற்கு வருந்தவில்லை. பேசாத 258 பேரில் 69 பேர் பேசியிருக்கலாமே என்று வருந்தினார்கள். பேசாதவர்களிலும் பெரும்பாலோர் வருந்தவில்லை என்பதையும் கவனியுங்கள். எல்லாரும் பேசியே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவள் கதவைத் தட்டினால் சாத்தாதீர்கள், அவ்வளவுதான்.

“நோய் கடுமையா இருக்கு, மருந்தால மாத்த ஏலாமல் இருக்கு. நோகாமல் பாப்பம். நான் உன்னை விட்டுட்டு எங்கயும் போக மாட்டன்.” இது பொய்யில்லை, அவளுக்கு இது போதுமாக இருக்கும். அழுகை வந்தால் அவள் முன்னால் அழலாம்.

கடலூர்: ரெண்டு நாளா ஒரு வாய் இறங்கல. ட்ரிப்ஸ் போடச் சொல்லி சொந்தக்காரங்க சண்டை.

நோய் முற்றிய கடைசி நாட்கள்தான் என்று உங்கள் டாக்டர் சொல்லியிருந்தால், பசி அடங்குவது உடம்பின் வேலை. அந்த நிலையில் ஏற்றும் தண்ணீர் பல சமயம் நுரையீரலிலும் கை காலிலும் தங்கி மூச்சைத் திணறடிக்கும். உதட்டைப் பஞ்சால் நனையுங்கள், கேட்டால் ஒரு ஸ்பூன் இளநீர், கேட்டால் ஐஸ்கிரீம். சொந்தக்காரரிடம் “டாக்டர் வேண்டாம்னுட்டார்” என்று எங்கள் தலையில் போடுங்கள். அந்தப் பழி சுமக்கத்தான் நாங்கள் இருக்கிறோம்.

சென்னை, ஒரு சித்தப்பா: மறுபடி ஐசியூ, வெண்டிலேட்டர்னு பேசறாங்க. வேண்டாம்னா அது கருணைக்கொலை ஆயிடாதா?

ஆகாது. உயிரை எடுக்க ஊசி போடுவது வேறு, அது இந்தியாவில் குற்றம். பலன் தராத இயந்திரத்தை வேண்டாம் என்பது வேறு. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் கண்ணியத்தோடு இறப்பதும் வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்பு சொன்னது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. ஏற்கெனவே போட்ட வெண்டிலேட்டரை எடுக்க மருத்துவக் குழுக்களின் ஒப்புதல் வேண்டும், அதனால் போடுவதற்கு முன்பே பேசுவது நல்லது. டாக்டரிடம் “பொழைப்பானா” என்று கேட்காதீர்கள், மழுப்பலான பதில்தான் வரும். “இதைப் போட்டா, அப்புறம் எடுத்துட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போற நெலமை வருமா?” என்று கேளுங்கள். முடிவை அண்ணன், அண்ணி தலையில் மட்டும் வைக்காதீர்கள், கூட உட்காருங்கள்.

மதுரை: வீட்டிலேயே வெச்சிருக்கோம். கடைசி நேரம் எப்படி இருக்கும்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க.

சொல்கிறேன். தூக்கம் கூடும். கை, கால் ஜில்லிட்டு, பாதத்தில் ஊதா நிறத் திட்டு தெரியும். மூச்சு வேகமாக ஓடி, நின்று, மறுபடி தொடங்கும். இடைவெளியில் நீங்கள்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். தொண்டையில் களகள சத்தம் வரலாம். விழுங்க முடியாத எச்சில் அது. கேட்க நமக்குத்தான் கொடுமை, ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு அது உறைப்பதில்லை என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சுத்திணறலுக்கு டேபிள் ஃபேனை முகத்துக்கு நேராக வையுங்கள், நிஜமாகவே உதவும். வலிப்பு வரக்கூடிய பிள்ளை என்றால் மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரேயை இப்போதே வாங்கி வைத்து, அடிக்கும் விதத்தைப் பழகிக்கொள்ளுங்கள். மடியில் வைத்துக்கொள்ளலாம். எதுவும் உடைந்துவிடாது.

முடிந்த பிறகு உடனே யாரையும் கூப்பிட வேண்டும் என்றில்லை. குளிப்பாட்ட வேண்டுமா, பிடித்த சட்டை போட வேண்டுமா, அம்மா அப்பா நிதானமாகச் செய்யட்டும். ‘சின்ன உசுரு, சீக்கிரம் எடுத்துடணும்’ என்று அவசரப்படுத்தும் பெரியவர் ஒருவர் எப்படியும் வருவார். அவருக்கு டீ போட்டுக் கொடுத்துத் திண்ணையில் உட்கார வைக்க ஓர் ஆளை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. வீட்டில் நடந்த சாவுக்கு, பார்த்துவந்த டாக்டரிடம் காரணச் சான்று வாங்கி 21 நாளுக்குள் பதிய வேண்டும்.

தர்மபுரி: செலவு தாங்கல. வீட்டுக்கே வந்து பாக்கிற வசதி அரசாங்கத்துல உண்டா?

உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பார்க்கும் ஆதரவு சிகிச்சையும் இருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளுங்கள். வருகிறவர்களுக்குக் குழந்தைகளைப் பார்த்துப் பழக்கம் குறைவாக இருந்தால் உங்கள் டாக்டரின் சீட்டை அவர்களிடம் காட்டுங்கள்.

கோயம்புத்தூர், ஒரு அம்மா: ஆறு வருஷமா ஒரு ராத்திரி முழுசாத் தூங்கல. ரெண்டு நாள் யாராவது வெச்சிப் பாத்துக்கிட்டா தேவலன்னு தோணுது. தப்பா அக்கா?

1982-இல் ஆக்ஸ்ஃபோர்டில் குழந்தைகளுக்கென்று உலகின் முதல் ஹாஸ்பிஸ், அதாவது நோயாளியைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் பாலியேட்டிவ் இல்லம், திறந்ததே இதற்காகத்தான். ஹெலன் என்ற பெண் குழந்தையை வீட்டில் வைத்துப் பார்த்துவந்த பெற்றோருக்கு, அவர்களுக்குத் தெரிந்த கன்னியாஸ்திரீ ஒருவர் “கொஞ்ச நாள் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் தூங்குங்கள்” என்று முன்வந்தார். அந்த இடத்துக்கு ஹெலன் ஹவுஸ் என்றே பெயர். நம் ஊரில் அப்படி இடம் மிகக் குறைவு. நாத்தனாருக்கோ தங்கைக்கோ உணவு கொடுக்கப் போட்ட குழாயில் பால் ஊற்ற ஒரு மத்தியானம் நானே சொல்லித் தருகிறேன். முகவரி அனுப்புங்கள்.

திருச்சி: பக்கத்து வீட்டுப் பையன் தவறி நாலு மாசம் ஆகுது. அந்த அக்காவைப் பாத்தா என்ன பேசறதுன்னே தெரியாம ஒதுங்கிப் போயிடறேன்.

“இன்னொண்ணு பெத்துக்கலாம்”, “கஷ்டப்படாம போய்ட்டான்” இரண்டும் வேண்டாம். திருப்பித் தர வேண்டாத பாத்திரத்தில் கொஞ்சம் புளியோதரை எடுத்துக்கொண்டு போங்கள். பையன் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். உங்கள் வீட்டு மாடியில் அவன் பட்டம் விட்டது, கண்ணாடியை உடைத்தது, ஏதாவது ஞாபகம் இருக்குமே, அதைச் சொல்லுங்கள். அந்த அக்காவுக்குத் தெரியாத ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது.