என்னை மீறி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாகப் படித்து வருகிறேன். எழுதுவது முதல்முறை. எனக்கு முன்கோபம். வீட்டுக்குள் நுழைந்த பத்தாவது நிமிடத்தில் ஏதாவது ஒரு சின்ன விஷயத்துக்குக் கத்திவிடுகிறேன். போன வாரம் மகன் பென்சில் டப்பாவைக் கீழே போட்ட சத்தத்துக்கு அவன் முதுகில் ஓங்கி அடித்துவிட்டேன். என்னை மீறி நடந்துவிட்டது. உடனே நானே அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு மன்னிப்பும் கேட்டேன். இத்தனைக்கும் அலுவலகத்தில் என்னைப் போலப் பொறுமைசாலி கிடையாது என்பார்கள். மேலதிகாரி எவ்வளவு மட்டம் தட்டினாலும் முகம் மாறாமல் நிற்பேன்.

என் சந்தேகங்கள்: இது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் அதிகமாக இருப்பதாலா? ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடுமா? என் அப்பாவும் இப்படித்தான், ஆகவே மரபணுவில் வருவதா? கோபத்தை அடக்கினால் அல்சரும் மாரடைப்பும் வரும், கொட்டிவிடுவதே நல்லது என்கிறார்களே, உண்மையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

போன மாதம் என் தம்பி வந்து நான்கு நாள் தங்கிவிட்டுப் போனான். அதிலிருந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இல்லாவிட்டால் உங்களுக்கு இரண்டு வரியில் பதில் எழுதி முடித்திருப்பேன்.

டெஸ்டோஸ்டிரோனை விடுங்கள். இயல்பான அளவுக்குள் அது கொஞ்சம் கூடியோ குறைந்தோ இருப்பதை வைத்து ஒருவர் கை நீட்டுவாரா மாட்டாரா என்று சொல்ல முடியாது. அல்சருக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவும் சில வலி மாத்திரைகளும். அந்த பாக்டீரியாவைக் கண்டறிந்ததற்காக பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள். மாரடைப்பைப் பற்றிக் கேட்டீர்கள். கடும் கோபம் வெடித்த அடுத்த 2 மணி நேரத்தில்தான் அதற்கான வாய்ப்பு கூடுகிறது. கொட்டித் தீர்த்தால் ஆறும் என்பதும் சரியில்லை. 2002இல் உளவியலாளர் பிராட் புஷ்மன் வெளியிட்ட சோதனையில், தங்களைச் சீண்டியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் தணியவில்லை. இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அவர்கள்தான் அதிகக் கோபத்தோடு இருந்தார்கள்.

இதெல்லாம் எங்கே தேடினாலும் கிடைக்கும். என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. ‘என்னை மீறி நடந்துவிட்டது’ என்கிறீர்கள். அதற்கு அடுத்த அடுத்த வரியில், மேலதிகாரி முன்னால் முகம் மாறாமல் நிற்பேன் என்கிறீர்கள். இந்த இரண்டையும் ஒரே கையால் எழுதும்போது உங்களுக்கு உறுத்தவே இல்லையா?

மேலதிகாரி மட்டம் தட்டியபோது உங்கள் உடம்பு சும்மா இருந்ததா? இல்லை. மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலாவிலிருந்து, உடம்பை உசுப்பிவிடும் ஹைப்போதலாமஸுக்குச் செய்தி போயிருக்கும். சில நொடிகளுக்குள் அட்ரினலின் ரத்தத்தில் இறங்கியிருக்கும். நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும், வாய் உலர்ந்திருக்கும். அதன் பின்னாலேயே, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் ஆணைப்படி, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து கார்டிசால் என்ற நெருக்கடி ஹார்மோன் கிளம்பியிருக்கும். அது உச்சத்துக்கு வர 20, 30 நிமிடம் ஆகும். அடிப்பதற்கு வேண்டிய எல்லா ஏற்பாடும் உடம்பில் தயார். ஆனால் உங்கள் கை எழவில்லை. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணி, ‘வேண்டாம், வேலை போய்விடும்’ என்று பிடித்து வைத்தது. அவ்வளவு நன்றாக வேலை செய்யும் புறணி வீட்டு வாசலைத் தாண்டியதும் எங்கே போய்விட்டது?

களைப்பு என்பீர்கள். நெருக்கடியிலும் தூக்கமின்மையிலும் அந்தப் புறணியின் பிடி தளர்வது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். மகனை நோக்கிக் கத்திக்கொண்டிருக்கும் அந்த நொடியில் போன் அடிக்கிறது, திரையில் மேலதிகாரியின் பெயர். உங்கள் குரல் என்ன ஆகும்? ஒரு நொடியில் இறங்கிவிடும். ‘சொல்லுங்க சார்’ என்பீர்கள். அதே களைப்புதானே, அதே அட்ரினலின்தானே! ஹார்மோனுக்கு ஆள் தெரியாது. திருப்பி அடிக்க மாட்டான், யாரிடமும் போய்ச் சொல்ல மாட்டான், பத்து நிமிடத்தில் மறுபடி மடியில் வந்து உட்காருவான் என்றெல்லாம் கணக்குப் போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்தது நீங்கள். அந்தக் கணக்கு மின்னல் வேகத்தில் நடந்து முடிவதால் உங்களை மீறி நடந்ததுபோல் தோன்றுகிறது.

கோபிக்க வேண்டாம். இன்னும் கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அடித்த அந்தக் கணத்தில் உங்களுக்கு இலேசாக இருந்திருக்கும். 1971இல் சீமோர் லெவின் என்ற ஆய்வாளரும் சகாக்களும் எலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். தனியாக அதிர்ச்சி வாங்கிய எலிகளுக்கு ஏசிடிஎச் என்ற ஹார்மோன், அதாவது கார்டிசால் வகை ஹார்மோனைக் கிளப்ப பிட்யூட்டரி அனுப்பும் ஆணை, நன்றாக ஏறியது. இரண்டு இரண்டாக விடப்பட்டவை ஒன்றையொன்று தாக்கின, அவற்றுக்கு அது அவ்வளவு ஏறவில்லை. அதிர்ச்சி கொடுத்தவன் கூண்டுக்கு வெளியே இருக்கிறான். கடி வாங்கியது பக்கத்திலிருந்த எலி. உடம்புக்கு இது ஒரு மருந்துபோல வேலை செய்கிறது, அதுதான் பயங்கரம். ஒருமுறை ஆறுதல் கிடைத்த வழியை உடம்பு மறக்காது, அடுத்த தடவை கை இன்னும் சீக்கிரம் எழும்.

எனக்கு இதைச் சொல்லித்தர எலி வேண்டியிருக்கவில்லை. எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஆறு. அப்பா வரும்போது செருப்பை வாசலில் கழற்றும் சத்தத்திலேயே அன்றைக்கு எப்படி என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். இரண்டு செருப்பும் அடுத்தடுத்து விழுந்தால் பயமில்லை. ஒன்று விழுந்து, இன்னொன்று விழ நேரமானால், என் வயிறு அப்படியே நின்றுவிடும். கிளர்ச்சியடைந்த பூனையின் இரைப்பை அசைவு சட்டென நின்றுவிடுவதை உடலியல் ஆய்வாளர் வால்டர் கேனன் 1890களின் இறுதியில் எக்ஸ்ரே திரையில் பார்த்தார் என்று பின்னாளில் படித்தபோது, செருப்புச் சத்தம்தான் காதில் விழுந்தது.

அப்பா மர ஸ்கேலால் அடிப்பார். அடி வாங்கிய பிறகு நான் அழ மாட்டேன். தம்பியைத் தேடிப் போவேன். அவன் பாட்டுக்குப் படம் வரைந்துகொண்டிருப்பான். முழங்கைக்கு மேலே, சட்டைக் கை மூடும் இடத்தில், சதையைப் பிடித்துத் திருகுவேன். அவன் வாயைத் திறப்பான், சத்தம் வராது. சத்தம் போட்டால் அப்பா வருவார் என்று அவனுக்குத் தெரியும். என் நெஞ்சுப் படபடப்பு மெல்ல அடங்குவதை நான் உணர்ந்திருக்கிறேன். என்னை மீறி நடந்ததா அது? முதலில் அவனைக் கடைசி அறைக்குக் கூட்டிப்போவேன், ஆர். கதவைச் சாத்துவேன். சட்டைக் கை எதுவரை மறைக்கும் என்று பார்த்து வைத்திருந்தேன்.

போன மாதம் வந்தபோது இருவரும் இரவு பேசிக்கொண்டிருந்தோம். அவனுக்குப் பின்னால் இருந்த விளக்கு சுவிட்சைப் போடக் கையை நீட்டினேன். அவன் தோள் சட்டென்று மேலே ஏறி, கழுத்து உள்ளே போனது. ஒரு நொடிதான். பிறகு தோள் தானாக இறங்கியது. விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தான். தோள் ஏறியது அவனுக்கே தெரியாது. அவனுக்கு வயது ஐம்பத்திரண்டு.

மன்னிப்புக் கேட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டது நல்லது, ஒருபோதும் கேட்காத அப்பாக்கள் உண்டு. ஆனால் நீங்கள் அவனைத் தூக்கி வைத்துக்கொண்டபோது அவனுடைய கார்டிசால் அப்போதுதான் மேலே ஏறத் தொடங்கியிருக்கும். உங்களுக்கு எல்லாம் முடிந்துவிட்டது, அவன் உடம்பில் ஆரம்பமே அப்போதுதான். அடித்த கையும் அணைத்த கையும் ஒன்றாக இருப்பதை வைத்து அவன் என்ன கற்றுக்கொள்வான் என்று யோசித்தீர்களா?

மரபணு பற்றிக் கேட்டீர்கள். எளிதில் சூடாகும் சுபாவத்தில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. யாரை அடிப்பது என்பதைப் பார்த்துத்தான் கற்கிறோம். ராபர்ட் சபோல்ஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளர் கென்யாவில் பல ஆண்டுகள் கவனித்த பபூன் குரங்குகளில், தோற்ற ஆண் தனக்குக் கீழே இருப்பதை விரட்டும், அது இன்னும் சிறியதைக் கடிக்கும். 1980களில் ஒரு கூட்டத்தின் மூர்க்கமான ஆண்கள் பக்கத்துக் கூட்டத்தின் குப்பைமேட்டுக்குப் போய்ச் சண்டையிட்டுத் தின்று, அங்கிருந்த காசநோயில் செத்துப்போயின. மிஞ்சிய சாதுவான ஆண்களும் பெண்களும் சேர்ந்து வாழ்ந்த கூட்டத்தில், வலியது எளியதை வதைப்பது குறைந்தது. சுமார் பத்து வருடம் கழித்துப் பார்த்தால் அந்தப் பழைய ஆண்கள் யாருமே இல்லை. எல்லாம் வெளியிலிருந்து புதிதாக வந்து சேர்ந்தவை. அவையும் அப்படியே நடந்துகொண்டன. குரங்குகளே மாற்றிக்கொண்டிருக்கின்றன. உங்கள் அப்பாவைக் காட்டி நீங்கள் தப்பிக்க நான் விடமாட்டேன்.

இனி அலுவலகத்திலிருந்து வந்ததும் அரைமணி நேரம் வீட்டுக்குள் போகாமல் வெளியே நடங்கள். மேலதிகாரி சொன்னதை மனதில் ஓட்டிக்கொண்டு நடக்காதீர்கள், அது பையைக் குத்துவதற்குச் சமம். அதிலும் அடங்காவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள், தயங்க வேண்டாம்.

உங்கள் அப்பாவைப் பற்றியும், மேலதிகாரியைப் பற்றியும், ரத்தப் பரிசோதனையைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். மகனின் வயதை எழுதவில்லை. அவன் பென்சில் டப்பாவை எடுத்து என்ன செய்துகொண்டிருந்தான் என்றும் எழுதவில்லை. அவனிடம் கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.