பழைய மாருதிக்கு பிளக், வயர் எப்போது மாற்ற வேண்டும்?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னுடையது 1999 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. இரண்டாம் கையாக வாங்கி இரண்டு வருஷமாகிறது. மீட்டர் 74,000 கி.மீ. காட்டுகிறது. மழைக்காலத்தில் காலையில் ஸ்டார்ட் ஆக நீண்ட நேரம் பிடிக்கிறது. ஸ்டார்ட் ஆன பிறகும் மூன்றாவது கியரில் அழுத்தினால் விக்கி விக்கிப் போகிறது. பிளக், பிளக் வயர், காயில், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாவற்றையும் மாற்ற 9,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். இரிடியம் பிளக் போட்டால் மைலேஜ் ஏறும் என்றும் சொல்கிறார். உண்மையில் பிளக்கையும் வயரையும் எத்தனை கி.மீ.க்கு ஒரு முறை மாற்ற வேண்டும்?"

பிளக்கை 20,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். அவ்வளவு ஓடாத வண்டி என்றால் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. வயருக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. சோதித்துப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். மாற்றினால் நான்கு வயரையும் (மூன்று பிளக்குக்கு மூன்று, காயிலிலிருந்து வரும் நடு வயர் ஒன்று) சேர்த்தே மாற்ற வேண்டும். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் என் முதல் சந்தேகம் வயர் மேல்தான். அதிக வோல்டேஜை உண்டாக்கும் காயிலையும், அதை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரையும் மாற்ற இப்போதைக்கு யாரையும் அனுமதிக்காதீர்கள்.

மீட்டரில் இருக்கும் 74,000 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். இத்தனை வயதான வண்டியில் மீட்டர் கேபிள் அறுந்து மாதக்கணக்கில் ஓடியிருக்கும், இல்லாவிட்டால் நடுவில் யாரோ ஒரு புரோக்கர் மீட்டரைத் திருப்பியிருப்பார். "பிளக், வயர் எல்லாம் போன மாசம்தான் சார் புதுசா போட்டது" என்பது பழைய கார் விற்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் வசனம். பில்லைக் காட்டச் சொன்னால் பேச்சை மாற்றுவார்கள். பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு கணக்கை இன்றிலிருந்து தொடங்குங்கள்.

உங்கள் வண்டியில் நடப்பது இதுதான். பிளக்கின் நுனியில் நடுக்கம்பிக்கும் வளைந்த கம்பிக்கும் இடையே 0.7 முதல் 0.8 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். அதைத் தாண்டித்தான் தீப்பொறி பாய்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு பிளக்கும் நொடிக்கு 25 முறை பொறி விடுகிறது. ஒவ்வொரு பொறியும் துளித் துளியாக உலோகத்தைத் தின்கிறது. கூராக இருந்த விளிம்பு உருண்டு, இடைவெளி அகலமாகிறது. அகல அகல, பொறி தாண்டுவதற்குக் காயில் கூடுதல் வோல்டேஜ் தள்ள வேண்டியிருக்கிறது. ஏறிய வோல்டேஜ் சுலபமான வழியைத் தேடும். வயரின் உறை வெடித்து அதில் ஈரமும் படிந்திருந்தால், பிளக் நுனிக்குப் போகாமல் அந்த வழியாகவே எஞ்சின் பாடிக்குத் தாவிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வண்டி அடம்பிடிப்பதற்குக் காரணம் இது. மூன்றாவது கியரில் அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது, பொறி தாண்ட இன்னும் அதிக வோல்டேஜ் தேவைப்படுகிறது. அப்போதும் அதே வயர்தான் கைவிடுகிறது. வெயில் ஏறி பானட் சூடான பிறகு ஸ்டார்ட் ஆகும் தொல்லை குறைகிறதா என்று கவனியுங்கள். குறைந்தால் சந்தேகம் உறுதி.

இதைக் கண்டுபிடிக்க ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டியதில்லை. ராத்திரி நல்ல இருட்டில், வண்டியைத் திறந்த வெளியில் நியூட்ரலில் ஹேண்ட் பிரேக் போட்டு ஸ்டார்ட் செய்து, பானட்டைத் திறந்து, எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலால் வயர்கள் மேல் பனிபோல லேசாகத் தெளியுங்கள். கெட்ட வயர் என்றால் நீலமாக மினுக்குவது கண்ணுக்கே தெரியும். டிக் டிக் என்று சத்தமும் கேட்கும். அந்த நேரத்தில் வயரைக் கையால் தொடவே கூடாது, ஃபேன் பக்கம் சட்டைக் கையோ துண்டோ தொங்கக் கூடாது.

அடுத்த நாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, ஒவ்வொரு வயராகக் கழற்றுங்கள். ஒன்றைக் கழற்றிப் பார்த்து, மாட்டிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். உங்கள் எஞ்சினின் பயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை, 1-3-2. வயர் இடம் மாறிவிட்டால் வண்டி திணறும், பின்வெடிக்கும், அதற்கும் ஒரு புதுச் செலவைச் சொல்ல ஆள் வந்துவிடுவார். வயரைப் பிடித்து இழுக்காமல் ரப்பர் மூடியைப் பிடித்து லேசாகத் திருகி இழுங்கள். உள்ளே இருப்பது செம்புக் கம்பி இல்லை, கார்பன் ஏற்றிய நூல். வயரைப் பிடித்து இழுத்தால் அது உள்ளுக்குள்ளேயே அறுந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது.

ரப்பர் மூடிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பித்தளை முனையில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி பூத்திருக்கிறதா? ரப்பரின் உள்பக்கம் பென்சிலால் கீறியதுபோல மெல்லிய கறுப்புக் கோடு ஓடுகிறதா? அந்தக் கோடு இருந்தால் பொறி அந்த வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் அதே இடத்தில் கோடு இருக்கும். அப்போது பிளக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை, பழைய மூடி புதுப் பிளக்கையும் கெடுத்துவிடும். ஆனால் பீங்கானின் அடியில், இரும்புப் பகுதியை ஒட்டிச் சுற்றிலும் பழுப்பு வளையம் மாதிரி ஒரு கறை இருந்தால் கவலைப்படாதீர்கள். அதிக வோல்டேஜில் காற்றிலுள்ள எண்ணெய்த் துகள் ஒட்டுவதால் வரும் கறை அது. அதைக் காட்டி "கம்ப்ரஷன் லீக் ஆகுது" (சிலிண்டரின் அழுத்தம் கசிகிறது) என்று சொல்லி பிளக் விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். எலி கடித்த தடம் இருக்கிறதா என்றும் வயர் முழுக்கப் பார்த்துவிடுங்கள். நம் ஊரில் வயர் சாவதற்கு அதுவும் ஒரு பெரிய காரணம்.

மல்டிமீட்டர் இருந்தால் மின்தடை பார்க்கும் 20 கிலோ ஓம் அளவில் வைத்து வயரின் இரு முனையிலும் தொட்டுப் பாருங்கள். உங்கள் வண்டியின் வயர்கள் குட்டையானவை. சில கிலோ ஓம் முதல் பத்து கிலோ ஓம் வரை காட்டினால் நல்ல வயர். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு காட்டினாலும், மீட்டர் எதுவுமே காட்டாவிட்டாலும், வயரை வளைக்கும்போது எண் துள்ளினாலும் அது போய்விட்டது. காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் நடு வயரை மறக்காதீர்கள். அது கெட்டால் மூன்று சிலிண்டருக்கும் கேடு. டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றி உள்ளே விரிசல், கறுப்புக் கோடு இருக்கிறதா என்று பார்ப்பதும் இதே வேலையோடு முடிந்துவிடும். கேப்பும், அதற்குள் சுழலும் ரோட்டாரும் தனியாகவே கிடைக்கும். அதற்காக டிஸ்ட்ரிபியூட்டர் முழுவதையும் மாற்றுவது வீண் செலவு.

எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு வயராகப் பிடுங்கி "எது மிஸ்ஸிங்" என்று பார்க்கும் பழக்கம் பல பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. உங்கள் வண்டியில் அதைச் செய்ய விடாதீர்கள். ஆளுக்கு ஷாக், போக இடமில்லாத வோல்டேஜால் காயிலுக்கும் கேடு. பிறகு "காயிலும் போச்சு சார்" என்பார்கள். போக வைத்ததே அவர்கள்தான்.

இரிடியம் விஷயத்துக்கு வருகிறேன். இரிடியம் பிளக் நீண்ட நாள் உழைக்கும் என்பது உண்மை. மைலேஜ் ஏறும் என்பது உங்கள் வண்டிக்குப் பொருந்தாத பேச்சு. தேய்ந்த பிளக்கை எடுத்துவிட்டு எந்தப் புதுப் பிளக்கைப் போட்டாலும் இழந்த மைலேஜ் திரும்பி வரும். சாதாரண நிக்கல் பிளக்கிலும் அதே அளவு வரும். பழைய எஞ்சின் கொஞ்சம் ஆயில் குடிக்கும், கார்புரேட்டர் கொஞ்சம் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். அந்தக் கரி இரிடியத்தின் மேலும் படியும். பல மடங்கு விலை கொடுத்து அதைக் கரியாக்குவானேன்?

அதைவிட முக்கியம் பிளக்கின் சூட்டு எண், அதாவது பிளக் எவ்வளவு சூடாக ஓடும் என்பதைக் காட்டும் எண். வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும் எண்ணைத் தவிர வேறு எதையும் வாங்காதீர்கள். "அது இல்லை சார், இதுவும் அதே மாதிரிதான், ஒரு நம்பர்தான் வித்தியாசம்" என்பார் கடைக்காரர். அந்த ஒரு நம்பர்தான் பிரச்சினை. என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் பிளக் குளிர்ச்சி. பாஷ் பிளக்கில் எண் கூடினால் பிளக் சூடு. இரண்டும் நேர் எதிர். ஒரு கம்பெனி எண்ணை மனதில் வைத்துக்கொண்டு இன்னொரு கம்பெனி பிளக்கை எடுத்தால் கரி பிடிக்கும், அல்லது பிஸ்டன் வெந்துபோகும். மரையின் நீளமும் மாறக் கூடாது. நீளமான பிளக் பிஸ்டனில் இடித்துவிடலாம்.

போலி பிளக் வேறு. பழைய பிளக்கை மணல் அடித்துச் சுத்தம் செய்து, புதுப் பெட்டியில் போட்டு விற்பதும் உண்டு. வாங்கும் முன் உற்றுப் பாருங்கள். பீங்கான் மேல் எழுத்து நகத்தால் சுரண்டினால் உதிரக் கூடாது. நடுக்கம்பி சரியாக நடுவில் இருக்க வேண்டும். வாஷர் மரையில் பிடித்திருக்க வேண்டும், தானாகக் கழன்று விழக் கூடாது. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடானாலும் உங்கள் ஊர்க் கடையானாலும் பில் கேளுங்கள். பில் போட்டால் ஒரு விலை, போடாவிட்டால் ஒரு விலை என்றால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். மெக்கானிக்கைப் பொருள் வாங்கச் சொல்லாமல் நீங்களே வாங்கிக் கொடுங்கள். கமிஷன் அங்கேதான் இருக்கிறது. கழற்றிய பழைய பிளக்குகளைத் தரச் சொல்லுங்கள், எந்த சிலிண்டரிலிருந்து எது வந்தது என்ற வரிசையோடு. நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் எஞ்சின் நலம். உலர்ந்த கறுப்புக் கரி என்றால் கார்புரேட்டரையும் சோக்கையும் பாருங்கள். ஈரமாக ஆயில் பிசுக்கு என்றால் வால்வு சீலோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்திருக்கிறது.

நான் சொன்ன கணக்கு பொருந்தாத ஒரு வண்டி இருக்கிறது: கேஸ் கிட் மாட்டிய வண்டி. நீங்கள் கேஸ் பற்றி எழுதவில்லை, ஆனால் மாருதி 800, ஆம்னி வைத்திருக்கும் பலர் எல்பிஜியில் ஓட்டுவதால் சொல்லியாக வேண்டும். கேஸ் கலவையில் பொறி தாண்ட, பெட்ரோலைவிட அதிக வோல்டேஜ் வேண்டும். பெட்ரோலில் ஒழுங்காக ஓடும் வண்டி கேஸுக்கு மாற்றியதும் விக்கினால், கிட்டைக் குறை சொல்லும் முன் பிளக்கையும் வயரையும் பாருங்கள். கேஸ் வண்டிக்கு பிளக் 10,000 கி.மீ.தான், வயர் சோதனை ஆறு மாதத்துக்கு ஒரு முறை. கேஸை கார்புரேட்டர் வாயிலேயே காற்றோடு கலக்கும் மிக்சர் வகை கிட்டில் ஒரு பொறி தவறினால் போதும், தேங்கிய கலவை ஏர் ஃபில்டர் பெட்டியிலேயே வெடிக்கலாம். ஆர்சி புத்தகத்தில் ஏற்றாமல், வீட்டுச் சிலிண்டரைப் பின்சீட்டுக்கு அடியில் வைத்து ஓட்டுகிறவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து கேளுங்கள்: கசியும் கேஸும், வெடித்த வயரில் தெறிக்கும் பொறியும் ஒரே பானட்டுக்குள் இருக்கின்றன. ஊர் அறிய நடக்கும் இந்த வேலையைப் பிடிக்க வேண்டியவர்கள் கண்டுகொள்வதில்லை என்பதற்காக அது ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது.

புகைச் சான்றிதழும் அதே கதிதான். உங்கள் வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டும். பொறி தவறும் சிலிண்டரிலிருந்து எரியாத பெட்ரோல் வெளியேறும். கருவி காட்டும் ஹைட்ரோகார்பன் அளவு அதை உடனே காட்டிக்கொடுக்கும். சைலன்சரில் குழாயை நுழைத்து நிஜமாகவே அளந்தால், உங்கள் வயர் கெட்டது அங்கேயே தெரிந்திருக்கும். நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துச் சீட்டு அடித்துக் கொடுக்கும் இடங்களால் யாருக்கு என்ன லாபம்? 15 வருஷம் கடந்த காரின் ஆர்சியைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கத் தெரிந்தவர்களுக்கு, சோதனையை ஒழுங்காகச் செய்ய வைக்கத் தெரியவில்லை. அடுத்த முறை அளவுச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

பிளக் மாட்டும்போது எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்க வேண்டும். ஹெட் அலுமினியம், மரை போனால் செலவு பெரிது. பழைய பிளக்கைக் கழற்றும் முன் சுற்றியுள்ள மண்ணை ஊதி எடுங்கள். புதுப் பிளக்கை ஸ்பேனர் இல்லாமல் விரலால் கடைசிவரை திருகுங்கள். இடையில் சிக்கினால் வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். உட்கார்ந்த பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்று, அவ்வளவுதான்.

மூன்று சாதாரண பிளக், ஒரு செட் வயர், தேவைப்பட்டால் கேப், ரோட்டார். இவற்றைப் போட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். அதன் பிறகும் விக்கினால், காயிலை மாற்றச் சொல்பவரிடம் முதலில் மூன்று சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளந்து, எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள்.