வளைகாப்புப் பைக்கு ஒரு கணக்கு

கேள்வி: மகளுக்கு வளைகாப்பு. பச்சை வளையல் 18 டஜன், சிவப்பு 15 டஜன் வாங்கிவிட்டோம். வாழைப்பழம் 7 டஜன் சொல்லி வைத்திருக்கிறோம். எல்லாத் தாம்பூலப் பையும் ஒரே மாதிரி இருக்கணும், எதுவும் மிஞ்சக் கூடாது. எத்தனை பை போடலாம்?
- வாசகி, மணப்பாறை

பதில்: டஜனை எண்ணிக்கையாக மாற்றுங்கள் அம்மா: 216, 180, 84. இந்த மூன்றையும் மீதியில்லாமல் வகுக்கும் எண்களில் பெரியதுதான் அதிகபட்சப் பை. பள்ளியில் படித்த மீப்பெரு பொதுக் காரணி இதுவே.

காரணிகளை வரிசையாக எழுத வேண்டாம், கழித்தாலே போதும். 216-ல் 180 போனால் 36. இரண்டு எண்களை வகுக்கும் எண் அவற்றின் வித்தியாசத்தையும் வகுத்தே தீரும். 180-ல் 36 சரியாக ஐந்து முறை போகிறது. ஆக, வளையலுக்கு 36. அப்புறம் பழம்: 84-ல் இரண்டு 36 போக மிச்சம் 12. அந்த 12, 36-ல் மூன்று முறை மீதியின்றிப் போகிறது. விடை 12 பை. கி.மு. 300 வாக்கில் கிரேக்கக் கணித மேதை யூக்ளிட் எழுதி வைத்த வழி இது. சமன்பாடுகளுக்கு முழு எண்ணில் விடை தேட கி.பி. 499-ல் ஆரியபட்டர் சொன்ன குட்டக முறையும் இதே தொடர் வகுத்தலில்தான் நடக்கிறது.

ஆனால் ஒரு பையில் 18 பச்சை, 15 சிவப்பு, 7 பழம் என்றால் ரொம்ப அதிகம். 12 பேருக்குத்தான் வரும். தடை எங்கே என்று இந்தக் கணக்கே காட்டிவிடுகிறது, எனக்கு இது பிடித்துப்போனதே அதனால்தான். வளையல் 36 வரை தாராளமாக வருகிறது, பழம்தான் இடிக்கிறது. கடைக்காரரிடம் 6 டஜன் போதும் என்று சொல்லிவிடுங்கள். 36 பை தேறும். ஒவ்வொன்றிலும் 6 பச்சை, 5 சிவப்பு, 2 பழம். கூட்டம் குறைவென்றால் 18 பையாகவும் போடலாம். 36-ஐ வகுக்கும் எந்த எண்ணும் சரிப்படும்.

கேள்வி: அறை 14 அடி நீளம், 10 அடி 6 அங்குலம் அகலம். இரண்டடி டைல்ஸை வெட்டாமல் போட முடியுமா?
- வாசகர், திண்டிவனம்

பதில்: முடியாது. அங்குலத்தில் 168, 126. மீப்பெரு பொதுக் காரணி 42. டைலின் 24 அங்குலம் 42-ஐ வகுக்கவில்லை. ஆனால் நீளவாக்கில் 7 டைல் கச்சிதமாக உட்காரும். அகலத்தில் 5 டைல் போக 6 அங்குலம்தான் வெட்டு விழும். ஒரு டைலில் அப்படி நான்கு பட்டை கிடைக்கும், தேவை 7. எனவே 35-உடன் 2 சேர்த்து 37 டைல். உடைசலுக்குக் கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். வெட்டிய வரிசை கட்டில் போடும் சுவரோரம் வரட்டும் என்று மேஸ்திரியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.