எழுதிய வரிக்குப் பதில் இருக்கிறதா? ரெஸ்யூமே கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இப்போதுதான் படிப்பை முடித்தவர்களுடையவை. பலர் கேட்ட ஒரே கேள்விக்கு ஒரு பதில்தான் எழுதியிருக்கிறேன். கேள்வியே இல்லாமல் ரெஸ்யூமேவை மட்டும் அனுப்பி "பாத்து சொல்லுங்க சார்" என்றவர்கள், எந்த வேலைக்குப் போடப்போகிறீர்கள் என்றாவது எழுதுங்கள். அது தெரியாமல் ரெஸ்யூமேவைப் பார்த்து நான் என்ன சொல்வது?

ஒரு பக்கமா, இரண்டு பக்கமா? (பி.காம். மாணவி, மதுரை)

ஃபிரெஷர் என்றால் ஒரு பக்கம். ஏழெட்டு வருடம் வேலை பார்த்தவர் இரண்டு பக்கம் போகலாம். முதல் வடிகட்டலில் ஒரு ரெஸ்யூமேவுக்கு அரை நிமிடம் கிடைத்தாலே அதிகம்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பின்னால் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. ஆதாரில் இனிஷியலே இல்லை. ரெஸ்யூமேவில் எந்தப் பெயர்? (வேலூர் வாசகர்)

பலருக்கும் இருக்கும் சிக்கல்தான், ஆனால் கேட்பவர்கள் குறைவு. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆன்லைன் விண்ணப்பமோ 'லாஸ்ட் நேம்' கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. ஓரிடத்தில் இனிஷியல், இன்னோரிடத்தில் அப்பா பெயர் என்று போட்டுவைத்தால், ஆறு மாதம் கழித்து நீங்கள் யார் என்று உங்கள் சான்றிதழ்களே நாலு விதமாகச் சொல்லும்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள். வெளிநாட்டு வேலைக்கு மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி. ஆதாரையும் பான் கார்டையும் சான்றிதழோடு ஒத்துப்போகும்படி இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். வேலையில் சேர்ந்ததும் பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண்ணை ஆதாரோடு இணைப்பார்கள். பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் அது அப்படியே நின்றுவிடும். அப்போது லீவு போட்டு அலைவதைவிட, இப்போது இ-சேவை மையத்துக்கு ஒரு நடை போய்வருவது சுலபம்.

ஆதார் எண், பான் எண் இரண்டையும் ரெஸ்யூமேவில் போடாதீர்கள். அந்தக் காகிதம் எத்தனை கை மாறும் என்று உங்களுக்குத் தெரியாது. அப்பா பெயர், மதம், திருமண விவரம் ஆகியவையும் இங்குள்ள கம்பெனிகளுக்குத் தேவையில்லை.

கேரியர் அப்ஜெக்டிவ் கட்டாயமா? (திருச்சி)

வேண்டாம். "சவாலான சூழலில் என் திறமைகளைப் பயன்படுத்தி நிறுவனத்தோடு வளர" என்ற வாக்கியம் எல்லா ரெஸ்யூமேவிலும் இருக்கிறது, அதனால் யாரைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. அந்த இடத்தில் என்ன படித்தீர்கள், எந்த வேலை தேடுகிறீர்கள், அதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி எழுதுங்கள்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்டை நாங்கள் நாலு பேரும் சேர்ந்து ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கினோம். ரெஸ்யூமேவில் அதைக் கவர்ச்சியாக எழுதுவது எப்படி? (பி.இ. இசிஇ, சேலம்)

கவர்ச்சி இருக்கட்டும். அதற்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

இதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. இருபது வருடத்துக்கு மேல் ஃபிரெஷர்களை இன்டர்வியூ செய்திருக்கிறேன். ஒருநாள் மூன்று வெவ்வேறு கல்லூரிகளிலிருந்து வந்த மூன்று பேரின் ரெஸ்யூமேவிலும் ஒரே ப்ராஜெக்ட்: முகத்தை அடையாளம் கண்டு வருகைப்பதிவு செய்யும் முறை. சுருக்கமும் வரிக்கு வரி ஒன்று. இரண்டாவது வரியிலிருந்த எழுத்துப்பிழைகூட ஒன்று. மூவரில் ஒரு பெண் நல்ல மதிப்பெண், பேச்சும் தெளிவு. அவரிடம் கேட்டேன்: எத்தனை படங்களை வைத்துப் பழக்கினீர்கள்? வகுப்பில் வெளிச்சம் குறைந்தால் என்ன ஆயிற்று? மூக்குக்கண்ணாடி போட்டவரையும் கழற்றியவரையும் ஒரே ஆளாக எடுத்துக்கொண்டதா? மூன்றுக்கும் பதில் இல்லை. கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு வரி இல்லாமல் வந்திருந்தால் வேறு ஏதாவது கேட்டிருப்பேன், அவரும் பதில் சொல்லியிருப்பார்.

எட்டாயிரம், பத்தாயிரம் என்று வீட்டில் கேட்டு வாங்கிக் கொடுக்கிறீர்கள். ரிவ்யூவுக்கு முதல் நாள் ரெக்கார்டை பைண்டிங் செய்து எடுத்துப் போகிறீர்கள். கைடும் பல இடங்களில் கேள்வி கேட்பதில்லை. நாலு வருடப் படிப்பில் ஒரு பொருளைத் தன் கையால் செய்து, அது ஓடாமல் போய், ஏன் ஓடவில்லை என்று தேடிக் கற்றுக்கொள்ளக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது. அதைக் காசு கொடுத்துத் தொலைக்கிறீர்கள் என்பதுதான் என் ஆற்றாமை. பிள்ளைகள் மேல் மட்டுமல்ல, தெரிந்தும் கையெழுத்துப் போடும் பெரியவர்கள் மேலும்தான்.

அதே வாரம் நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தார். வீட்டில் கோழிப்பண்ணை. கொட்டகையில் சூடு ஏறினால் அப்பாவின் போனுக்கு மிஸ்டு கால் போகிற மாதிரி ஒரு கருவி செய்திருந்தார். முதலில் வெப்பம் அளக்க டிஎச்டி11 என்ற சென்சார் போட்டிருக்கிறார். சுவரில் தொங்கிய தெர்மாமீட்டருக்கும் அதற்கும் இரண்டு டிகிரி வித்தியாசம். டிஎச்டி22 மாற்றியதும் அது சரியானது. அப்புறம் கொட்டகைத் தூசி சென்சாரை அடைத்துவிட்டது. நைலான் கொசுவலைத் துணியை வெட்டிச் சுற்றிக் கட்டியிருக்கிறார். "கரண்ட் போனா ஃபேனும் நிக்குது, கருவியும் நிக்குது சார், அதுக்குத்தான் இன்னும் வழி பண்ணல" என்று அவரே சொன்னார். கரண்ட் போனாலும் கருவி ஓட ஒரு பேட்டரி வைப்பதைப் பற்றியே அரை மணி நேரம் பேசினோம். மதிப்பெண் சுமார்தான். எடுத்துக்கொண்டோம்.

அவர் ரெஸ்யூமேவில் இருந்தது இரண்டே வரி. கொட்டகை வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மிஸ்டு கால் கொடுக்கும் கருவி. எங்கள் பண்ணையில் நாலு மாதமாக ஓடுகிறது. சென்சாரின் பிழையையும் தூசிப் பிரச்சினையையும் சரிசெய்தது நான். அவ்வளவுதான்.

சரி, நீங்கள் வாங்கியாகிவிட்டது. இப்போது ஒன்று செய்யலாம். ஒரு வாரம் உட்கார்ந்து அதைப் பிரித்துப் பாருங்கள். எந்த சென்சார், எந்த போர்டு, கோடில் எந்த வரி என்ன செய்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். ஒரே ஒரு மாற்றமாவது நீங்களாகச் செய்து ஓடவிடுங்கள். அந்த மாற்றத்தை மட்டும் உங்களுடையது என்று எழுதுங்கள். அதற்கும் முடியாது என்றால் அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள். எழுதிய ஒவ்வொரு வரிக்கும் எதிரில் இருப்பவர் கேள்வி கேட்பார்.

மூன்று வருட அனுபவச் சான்றிதழ் தருகிறோம், ஒரு லட்சம் கட்டு என்கிறது ஒரு கன்சல்டன்சி. கட்டலாமா? (பெயர் வேண்டாம், சென்னை)

கட்டாதீர்கள். சரிபார்ப்பில் பிஎஃப் பாஸ்புக்கையும் யுஏஎன் எண்ணில் உள்ள பணி விவரத்தையும் கேட்பார்கள். எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று அதில் வரும். ஃபார்ம் 16 (சம்பளத்தில் வரி பிடித்ததற்குக் கம்பெனி தரும் சான்று), சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்பவர்களும் உண்டு. வேலையில் சேர்ந்து ஆறு மாதம் கழித்து மாட்டி, அதே நாளில் லேப்டாப்பை வாங்கி வைத்துக்கொண்டு வெளியே அனுப்பப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2016-ல் குழந்தைக்காக அக்கவுண்டன்ட் வேலையை விட்டேன். இப்போது மறுபடி தேடுகிறேன். இடைவெளியை எப்படி மறைப்பது? (திருநெல்வேலி வாசகி)

மறைக்க வேண்டாம் அம்மா, மறைக்கிற விஷயமே இல்லை. "2016 முதல் குடும்பப் பொறுப்பு" என்று ஒரு வரி போதும். உங்களைக் கூப்பிடத் தயங்குபவர் அந்த இடைவெளியைப் பார்த்துத் தயங்கவில்லை. நீங்கள் வேலையை விட்டபோது இருந்தது வாட். ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலையில். கணக்கு எழுதும் மென்பொருளான டாலியும் இஆர்பி 9-லிருந்து 2020-ல் டாலிபிரைமுக்கு மாறிவிட்டது. 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் இருந்தால் மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லை அரசுத் தளத்தில் பதிய வேண்டும், அதுதான் இ-இன்வாய்ஸ். இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா என்பதுதான் அவர் சந்தேகம்.

இரண்டு மாதம் தெரிந்த ஆடிட்டர் ஆபீஸில் பாதி நாள் உட்காருங்கள். ஜிஎஸ்டிஆர்-1, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்ன்கள் இரண்டையும் நாலைந்து கணக்குகளுக்கு உங்கள் கையால் போடுங்கள். பிறகு ரெஸ்யூமேவின் மேல் பகுதியில் அதையே எழுதுங்கள். பழைய கம்பெனியில் செய்ததைக் கீழே வையுங்கள். பேங்க் ரீகன்சிலியேஷன், நிலுவை வசூல் போன்றவை அன்றும் இன்றும் ஒன்றுதான், அவற்றை விட்டுவிடாதீர்கள்.

ஐடிஐ வெல்டர். வளைகுடாவுக்குப் போக முயற்சி. ஏஜென்ட் ஒன்றரை லட்சமும் ஒரிஜினல் பாஸ்போர்ட்டும் கேட்கிறார். ரெஸ்யூமேவை அவரே எழுதித் தருவாராம். (ராமநாதபுரம்)

முதலில் பணம். ஏஜென்டின் லைசென்ஸ் எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். வேலை உறுதியாகும் முன் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

ரெஸ்யூமேவை நீங்களே எழுதுங்கள். "வெல்டர், 5 வருட அனுபவம்" என்றால் போதாது. ஆர்க் வெல்டிங்கா, டிக் வெல்டிங்கா? 6ஜி பொசிஷனில், அதாவது சாய்வாக நிலைநிறுத்திய பைப்பில், வெல்டிங் தேறியவரா? கார்பன் ஸ்டீலா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா? எத்தனை இன்ச் பைப்? எக்ஸ்ரேயில் ஜாயின்ட் தேறியதா? ஆலையை நிறுத்திவைத்துச் செய்யும் எந்த ஷட்டவுன் வேலையில் எத்தனை நாள்? அங்குள்ள ஃபோர்மேன் தேடுவது இவற்றைத்தான். வளைகுடா ரெஸ்யூமேவுக்குப் போட்டோ, பிறந்த தேதி, நாடு, இசிஎன்ஆர் (குடியேற்ற அனுமதி தேவைப்படாத) பாஸ்போர்ட்டா என்ற விவரம் வேண்டும். ஏஜென்ட் எழுதினால் தெரியாத வேலையும் தெரியும் என்று சேர்ப்பார். அங்கே டிரேட் டெஸ்ட்டில் டார்ச்சைப் பிடிக்கப்போவது நீங்கள்.

ஏடிஎஸ் ஸ்கோர் 90-க்கு மேல் இருந்தால்தான் எடுப்பார்களாமே? (கோவை)

ஏடிஎஸ் என்பது கம்பெனிகள் ரெஸ்யூமேக்களைப் படித்துச் சேமிக்க வைத்திருக்கும் மென்பொருள். அந்த ஸ்கோரோ, ரெஸ்யூமேவைச் சோதித்துத் தருகிறோம் என்கிற இணையதளம் சொல்வது, கம்பெனி சொல்வதல்ல. உங்கள் பிடிஎஃபைத் திறந்து எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிசை குலையாமல் வந்தால் மெஷினும் படிக்கும். பக்கத்தை இரண்டு நெடுவரிசையாகப் பிரித்து, ஐகான், கலர் கட்டம் வைத்த டெம்ப்ளேட்டுகளில் படிப்பும் போன் நம்பரும் ஒன்றோடொன்று கலந்துவிடும். திறமைக்கு நட்சத்திரமும் வேண்டாம். ஜாவாவில் நாலு நட்சத்திரம் என்றால் என்ன பொருள்?

சாட்ஜிபிடியில் எழுதலாமா? (பெங்களூரு)

இங்கிலீஷைத் திருத்தச் சொல்லுங்கள். சங்கதியை அதனிடம் கேட்காதீர்கள். டீமில் ஒருவராக டெஸ்டிங் செய்ததை "தலைமையேற்று நடத்தினார்" என்று மாற்றிவிடும். எத்தனை பேருக்குத் தலைமை என்று நாங்கள் கேட்போம். மேலே சொன்னதுதான், எழுதிய வரிக்குக் கேள்வி வரும்.

சிஜிபிஏ 6.4. முன்பு நாலு அரியர் இருந்து கிளியர் செய்துவிட்டேன். 7 என்று போடலாமா? (விழுப்புரம்)

கூடாது. 6.4 என்றே எழுதுங்கள். முடித்த அரியரை ரெஸ்யூமேவில் எழுத வேண்டியதில்லை. விண்ணப்பத்திலோ நேரிலோ கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். 60 சதவீதம் கேட்கும் கம்பெனி என்றால், பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் அந்த 60 இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சார், ரெஸ்யூமே இணைத்துள்ளேன். எல்லாம் சரியாக உள்ளதா? அவசரம். (ஊர் எழுதவில்லை)

திறந்து பார்த்தேன். போன் நம்பரில் ஒன்பது இலக்கம்தான் இருக்கிறது. டிப்ளமோவில் சேர்ந்த வருடமும் முடித்த வருடமும் ஒன்று. பொழுதுபோக்கு என்ற இடத்தில் உங்கள் நண்பரின் ஈமெயில் இருக்கிறது, அவருடைய ஃபைலில் உங்கள் பெயரை மாற்றியிருக்கிறீர்கள் போல. அனுப்பும் முன் ஒரு காகிதத்தில் பிரின்ட் எடுத்து, பேனாவை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படியுங்கள். நானே ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருந்து உங்கள் ரெஸ்யூமே பிடித்திருந்தால்கூட, கூப்பிட நம்பர் இல்லை. திருத்தி அனுப்புங்கள், எந்த வேலைக்கு என்பதையும் எழுதி.