ஆர்.ஓ. தண்ணீர் எலும்பைக் கரைக்குமா?

பெங்களூரு ராமமூர்த்தி நகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "எங்கள் குடியிருப்பில் காவிரி நீரும் போர்வெல் நீரும் கலந்து வருகின்றன. கணவருக்குச் சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்சலேட் கல் வந்ததும், தண்ணீரில் கரைந்த உப்புகளை வடிகட்டும் ஆர்.ஓ. இயந்திரம் வாங்கினோம். பால், தயிர், கேழ்வரகு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். இப்போது மாமியாருக்கு முழங்கால் வலி. ஆர்.ஓ. தண்ணீர் எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். கரைந்த உப்புகளின் அளவைச் சொல்லும் டி.டி.எஸ். மீட்டர், ஆர்.ஓ. தண்ணீரில் 28 காட்டுகிறது. இயந்திரத்தைக் கழற்றிவிடலாமா?"

இயந்திரம் இருக்கட்டும் அம்மா, முதலில் பாலைத் திரும்ப வாங்குங்கள். உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது அந்த வரிதான். கீரையிலும் கொட்டைகளிலும் இருக்கும் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றுவது, சாப்பாட்டோடு சேர்ந்து வரும் கால்சியம்தான். பாலையும் தயிரையும் நிறுத்தினால் பிடிக்க ஆளில்லாமல் ஆக்சலேட் ரத்தத்தில் ஏறி, சிறுநீரகத்துக்குப் போய்க் கல்லாகிறது. உங்கள் கணவர் குறைக்க வேண்டியவை உப்பும் பாலக் கீரையும். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். ஆகவே ஊறுகாய், அப்பளம் தினமும் வேண்டாம். நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்கு அவர் தண்ணீர் குடிக்க வேண்டும். கேழ்வரகிலும் ஓரளவு ஆக்சலேட் உண்டு என்பதால் அவருக்குப் பாலும் தயிருமே நல்லது.

இனி எலும்புக்கு வருவோம். ஆர்.ஓ. தண்ணீர் எலும்பைக் கரைக்காது; தண்ணீரில் வரும் கால்சியம்தான் குறையும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. குடிநீரில் லிட்டருக்கு 75 மில்லிகிராம் வரை கால்சியம் இருக்கலாம் என்கிறது இந்திய தர நிர்ணயம். அப்படிப்பட்ட நீரை இரண்டு லிட்டர் குடித்தாலும் கிடைப்பது 150 மில்லிகிராம். ஒரு தம்ளர் பசும்பாலில் சுமார் 240, ஐம்பது கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 175. ஆர்.ஓ. எடுத்துக்கொள்வதை ஒரு தம்ளர் தயிர் ஈடுகட்டிவிடும். உங்கள் வீட்டில் கால்சியம் தண்ணீரிலும் போய், தட்டிலும் போய்விட்டது. வயதானவர்களின் முழங்கால் வலிக்குப் பெரும்பாலும் மூட்டுத் தேய்மானமே காரணம். இருந்தாலும் மாமியாருக்கு வைட்டமின் டி பரிசோதனை செய்துவிடுங்கள். அது குறைந்தால் சாப்பிடும் கால்சியம் சரியாக உடம்பில் சேராது.

இயந்திரம் விற்க வந்தவர் இரண்டு டம்ளர்களில் தண்ணீர் ஊற்றி, மின்சாரம் பாயும் கம்பிகளை இறக்கிக் காட்டியிருப்பார். உங்கள் குழாய்த் தண்ணீர் பழுப்பாகக் கலங்கியிருக்கும், அவருடையது தெளிவாகவே நின்றிருக்கும். அந்தப் பழுப்பு, கம்பியின் இரும்பு கரைந்த துரு. உப்பு மிகக் குறைந்த நீரில் மின்சாரம் அதிகம் பாயாததால் ஆர்.ஓ. தண்ணீரில் அது வராது. நல்ல காவிரித் தண்ணீரிலும் அதே கலங்கல் வரும் என்பதால், அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை.

டி.டி.எஸ். மீட்டரையும் அளவுக்கு மீறி நம்பாதீர்கள். ஃப்ளோரைடு எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு, கிருமி உண்டா என்று அது சொல்லாது. கோலார் பக்கத்து போர்வெல்களில் ஃப்ளோரைடு பழைய துன்பம். நகரத்துக்குள் சாக்கடை கசியும் இடங்களில் நைட்ரேட் சேர்கிறது. வடிகட்டாத குழாய்த் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து ஆய்வகத்தில் கொடுங்கள். ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமையோ, நைட்ரேட் 45 மில்லிகிராமையோ தாண்டினால் ஆர்.ஓ. இருக்கட்டும். அப்படியானால் டி.டி.எஸ்.ஸை உயர்த்தும் திருகைத் திறக்க வேண்டாம். அது வடிகட்டாத நீரைத்தான் கலக்கிறது, நீக்கிய ஃப்ளோரைடும் கூடவே திரும்பி வந்துவிடும். இவை எல்லைக்குள் இருந்து, குழாய்த் தண்ணீரின் டி.டி.எஸ். 500க்குக் கீழே இருந்தால், கொதிக்க வைத்து ஆறிய நீர் போதும். பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கு கால்சியம் கார்பனேட்தான். தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

கணவரின் சிறுநீரகச் செயல்பாடு சரியாக இருக்கிறதா என்று மட்டும் அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சரியென்றால் இன்று இரவே அவருக்குத் தயிர் சாதமும், மாமியாருக்கு மோர் ஊற்றிக் கரைத்த கேழ்வரகுக் கூழும் கொடுங்கள்.