நாப்கின், டயப்பர், எரிக்கும் மெஷின்: வாங்குவதற்கு முன் சில கேள்விகள்

கேள்வி: வேளச்சேரியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நாப்கின் எரிக்கும் மெஷின் விற்க ஒருவர் வந்தார். ‘புகையே வராது, பட்டனைத் தட்டினால் சாம்பல்தான்’ என்கிறார். சங்கத்துப் பணத்தில் வாங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். கடையில் கிடைக்கும் சாதாரண நாப்கினில் பஞ்சைவிட பிளாஸ்டிக் சமாச்சாரம்தான் அதிகம். அடியில் பாலித்தீன் தாள், நடுவில் ஈரத்தை இழுக்கும் பாலிமர் தூள். இதைக் குறைந்த சூட்டில் எரித்தால் டையாக்ஸின், ஃபியூரான் மாதிரி நச்சுகள் உண்டாகலாம். அவை கண்ணுக்குத் தெரியாது. புகை தெரியவில்லை என்பது ஒரு சான்றே இல்லை.

மருத்துவமனைக் கழிவை எரிக்கும் உலைக்கு 2016-ஆம் ஆண்டு விதிகள் என்ன கேட்கின்றன தெரியுமா? இரண்டாவது அறையில் 1,050 டிகிரி செல்சியஸ் சூடு, 30 மீட்டர் உயரப் புகைபோக்கி. உங்கள் மெஷினின் குழாயோ யார் வீட்டு ஜன்னல் பக்கம் திரும்பும் என்று பாருங்கள். விற்பவரிடம் உள்ளே எத்தனை டிகிரி வருகிறது, புகையை எந்த ஆய்வகம் பரிசோதித்தது, சாம்பலை எங்கே போடுவது என மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது. நாளைக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் அந்தக் காகிதம்தான் பேசும். வாங்கிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் புகாருக்குக் கட்டணம் கிடையாது.

என்னைக் கேட்டால் அந்தப் பணத்துக்கு வீட்டுக்கு ஒரு மூடி போட்ட சின்னத் தொட்டியும் கட்டுக்கட்டாகப் பழைய செய்தித்தாளும் வாங்கிக் கொடுத்துவிடலாம். 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய திடக்கழிவு விதிகளில் மட்கும் குப்பை, மட்காத குப்பை, சானிட்டரி கழிவு, தனிக் கவனம் தேவைப்படும் கழிவு என நாலாகப் பிரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நாப்கின், டயப்பரைத் தாளில் இறுக்கிச் சுற்றி, மேலே சிவப்பு மையில் ஒரு பெரிய புள்ளி வைத்துத் தனியாகக் கொடுங்கள். புனேயில் குப்பை சேகரிக்கும் பெண்களின் கூட்டுறவு தொடங்கிவைத்த வழக்கம் இது. பொட்டலத்தைப் பிரிக்காமலே உள்ளே என்ன என்று தெரிந்துவிடும். ரத்தம் வழியாகப் பரவி ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே 7 நாள்கூடத் தாங்கும். குப்பை எடுக்கப் பேட்டரி வண்டியில் வருகிற அம்மா வெறும் கையால் அதைப் பிரித்தெடுக்க வேண்டிய அவசியம் என்ன? தனியாகக் கொடுத்தும் வண்டியில் ஒன்றாகக் கொட்டினால் சென்னை மாநகராட்சியின் புகார் எண் 1913-க்குச் சொல்லுங்கள்.

கேள்வி: ‘100 சதவீதம் மட்கும்’ என்று போட்ட நாப்கினை இரட்டை விலை கொடுத்து வாங்கினேன். மொட்டைமாடி உரத் தொட்டியில் போட்டேன், மாதங்கள் ஆகியும் அப்படியே கிடக்கிறது. ஏமாற்றா?

பதில்: இருக்கலாம். தொழிற்சாலை அளவு உரக்கூடத்தின் சூட்டில் மட்டும் மட்கும் பொருளையும் ‘மட்கும்’ என்றே விற்கிறார்கள். நம் தொட்டியில் அந்தச் சூடு வராது. ரத்தம் பட்ட பொருளை கீரைக்குப் போடும் உரத்தில் சேர்ப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனால் எங்கே, எந்த நிலையில் மட்கும் என்று அட்டையில் சொல்லாதது நிறுவனத்தின் தவறு. பசுமை என்று சொல்லி விற்பவர் ஆதாரம் காட்ட வேண்டும் என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் சான்றிதழ் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள். தவறான விளம்பரம் என்று முடிவானால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பில்லையும்தான்.

கேள்வி: கழிவறைக் குழாய் அடைத்துக்கொண்டது, உள்ளே டயப்பர். ஆள் இறக்கி எடுக்க 4,000 ரூபாய் கேட்கிறார்கள். குழந்தையோடு வாடகைக்குக் குடியிருப்பவரிடம் வசூலிக்கலாமா?

பதில்: வசூல் இருக்கட்டும், ஆளை இறக்காதீர்கள். பாதுகாப்புக் கருவியும் ஏற்பாடும் இல்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்கினால், மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், சில சமயம் இரண்டும். இறக்கியவர் சங்கச் செயலாளர் என்றால் மாட்டுவது அவர்தான். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மெஷின் வைத்து அடைப்பு எடுக்கும் லாரியைக் கூப்பிடுங்கள். டயப்பர் யார் வீட்டிலிருந்து வந்தது என்று நிரூபிக்க முடியாதவரை அது பொதுச் செலவுதான்.

கேள்வி: கல்லூரி விடுதியில் இருக்கும் மகள் மாதவிடாய் கப் வாங்கித் தரச் சொல்கிறாள். பயமாக இருக்கிறது.

பதில்: பயம் வேண்டாம் அம்மா. மாதவிடாய் ரத்தத்தை உடலுக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும் சின்னக் கிண்ணம்தான் அது, கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். கணக்கு போட்டுப் பாருங்கள். மாதம் 20 நாப்கின், ஒன்று 8 ரூபாய் என்றால் வருடத்துக்கு 1,920 ரூபாய். கப் சில நூறு ரூபாய்தான், ஒழுங்காக வைத்துக்கொண்டால் பல வருடம் வரும். மருத்துவத் தரச் சிலிகோன் என்று எழுதியிருக்கிறதா, அளவு சரியா என்று மட்டும் பாருங்கள். ஒவ்வொரு மாதமும் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். போர் தண்ணீர் வெள்ளையாகப் படியும், கேன் தண்ணீர் மேல். கருத்தடைக்காகக் கருப்பையில் காப்பர்-டி வைத்திருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. பழகும்வரை கையில் ஒரு நாப்கினும் இருக்கட்டும்.

கேள்வி: நாப்கினைச் சுற்றித் தூக்கியெறிய, நிறுவனமே பாக்கெட்டோடு உறை தர வேண்டாமா?

பதில்: மறுசுழற்சிப் பொருளில் செய்யப் பாருங்கள், இல்லையேல் ஒவ்வொன்றுக்கும் உறை கொடுங்கள் என்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளிலேயே நிறுவனங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். அந்த ‘இல்லையேல்’லைப் பிடித்துக்கொண்டு நழுவுபவர்கள் உண்டு. உறை உள்ள பாக்கெட்டை வாங்குங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு டயப்பர், இன்சுலின் ஊசி இரண்டும். ஒரே பையில் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. டயப்பரில் இருக்கும் மலத்தைக் கழிவறையில் தட்டிவிட்டு, சுருட்டித் தாளில் கட்டிச் சானிட்டரி கழிவாகக் கொடுங்கள். ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி, ‘ஊசி’ என்று எழுதி, தனிக் கவனம் தேவைப்படும் கழிவாகத் தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள்.